படிவத்தில் விடுபட்ட பிள்ளை

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர் தம் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் எழுதித் தர வேண்டும். உடன் வரப்போகிற பிள்ளை, ஊரில் தங்கப்போகிற பிள்ளை, முதல் மணத்துப் பிள்ளை, தத்துப்பிள்ளை, பிரிந்துபோன மனைவியிடம் வளரும் பிள்ளை என்று எந்த வேறுபாடும் இல்லை. மதிப்பெண், வேலை அனுபவம், ஆங்கிலத் தேர்வு ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள் இந்தப் பகுதியை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். ஆங்கிலத் தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாம். இங்கே விட்டுவிட்ட பிள்ளையைப் பிறகு அழைத்துக்கொள்ளும் வழி ஏறக்குறைய அடைந்தேபோகிறது. பெரியவர்கள் தங்கள் வசதிக்காகவோ கூச்சத்தாலோ எடுக்கும் முடிவின் விலையை, அந்த மேசையில் இல்லாத குழந்தை கட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ‘பி.ஆர். ஃபைல்’, அதாவது நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம், போடுகிற இளம் பொறியாளர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அறிந்துகொள்ள வேண்டிய சட்டம் இதுதான்.

இந்த வட்டாரம் ஏன் இவ்வளவு வேகமாக வெளிநாட்டைப் பார்க்கத் தொடங்கியது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது; 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர் லாரி ஆலை என்று ஒரகடம் நிரம்பியது. வெல்டிங் ஷாப், பெயின்ட் ஷாப், தரக்கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் என்று உலகின் எந்தக் கார் ஆலையிலும் செல்லுபடியாகும் தொழிலறிவை இந்த ஆலைகளும் இவற்றைச் சுற்றியுள்ள உதிரிபாக நிறுவனங்களும் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தன. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2021-இல், பக்கத்திலிருக்கும் மறைமலைநகரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எவ்வளவு பெரிய நிறுவனமும் ஒருநாள் போய்விடலாம் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு, ‘நிரந்தரம்’ என்ற சொல்லை வேறு ஏதோ ஒரு நாட்டின் அட்டையில் தேடத் தோன்றியதில் வியப்பில்லை.

1998-இல் இருபது, இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். கனடா 2015 ஜனவரியில் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில் வயதுக்கான முழு மதிப்பெண் 29 வயதுவரைதான். பிறகு ஆண்டுதோறும் குறைந்து 45 வயதில் சுழியமாகிறது. வேலைவாய்ப்புக் கடிதத்துக்குத் தரப்பட்ட கூடுதல் மதிப்பெண்ணும் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூத்த தலைமுறைக்கு இந்த வாசல் பெரும்பாலும் மூடியாயிற்று. அந்த வீடுகளில் பிள்ளைகளே மாணவர் விசாவில் முதலில் புறப்படுகிறார்கள். ஃபைல் போடுகிறவர்கள் முப்பதுகளில் இருப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிறுவர்கள் என்பதால் வயது வரம்பைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. அவர்களைப் பிடிக்கும் விதி வேறு.

வயது விதியை முதலில் முடித்துவிடலாம். இன்றைய கனடாச் சட்டப்படி, 22 வயது நிறையாத, திருமணமோ திருமணத்துக்கு நிகரான உறவோ இல்லாத மகனும் மகளுமே ‘சார்ந்திருக்கும் பிள்ளை’. 22-ஐத் தாண்டியவராக இருந்தால், உடல்நிலை அல்லது மனநிலை காரணமாக அந்த வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். இந்த எல்லை அங்கேயே நகர்ந்துகொண்டு வந்தது. 2014 ஆகஸ்ட் முதல் 2017 அக்டோபர் 23 வரை அது 19 ஆக இருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் விண்ணப்பித்த குடும்பங்களில் பத்தொன்பதும் இருபதும் ஆன பிள்ளைகள் பெற்றோரோடு போக முடியாமல் நின்றார்கள். முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் துறையின் கைக்கு வரும் நாளில் பிள்ளையின் வயது ‘பூட்டப்படுகிறது’. பிறகு பரிசீலனை எத்தனை ஆண்டு இழுத்தாலும் பரவாயில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சுயவிவரம் பதிந்த நாள் இதற்குக் கணக்கில் வராது. அழைப்பு வந்த பிறகு 60 நாளுக்குள் தரும் முழு விண்ணப்பத்தின் நாளே கணக்கு. வயது பூட்டப்பட்டாலும் திருமண நிலை பூட்டப்படுவதில்லை. இருபத்தொரு வயது மகளின் பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, நல்ல வரன் வந்ததென்று இடையில் கல்யாணத்தை முடித்துவிட்டால் அவர் அன்றே அந்த விண்ணப்பத்திலிருந்து விலகிவிடுகிறார்.

இனி, கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு விதிகளில் 117(9)(d) என்ற எண்ணுள்ள பிரிவு. ஒருவர் நிரந்தரக் குடியிருப்பாளராகும்போது உடன் வராத குடும்ப உறுப்பினர் ஒருவர் இருந்து, அவர் அப்போது அதிகாரியால் பரிசீலிக்கப்படாமல் போயிருந்தால், பிற்காலத்தில் அவரைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. பரிசீலனை என்றால் பெயர் எழுதுவது மட்டும் போதாது. மருத்துவப் பரிசோதனை உட்பட மற்றவர்களுக்கு நடக்கும் அத்தனையும் ஊரில் தங்கும் பிள்ளைக்கும் நடக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு கிடையாது. பத்து வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டாலும், குடிமகனாகவே ஆகிவிட்டாலும் பிரிவு அப்படியே நிற்கும். 2005-இல் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இந்த விதி வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சென்ற ஒரு தாய், தனக்கு ஒரு மகள் மட்டுமே என்று அதிகாரியிடம் சொல்லியிருந்தார். தந்தையிடம் விட்டுவந்த இரண்டு மகன்களைப் பின்னாளில் அழைக்க முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. விதி அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய் சொன்னவர் தாய். வாசல் அடைக்கப்பட்டது மகன்களுக்கு. அந்தத் தீர்ப்பின் சட்ட வாதங்களை மறுப்பது கடினம். ஆனால் அதன் நீதி எனக்கு உறுத்துகிறது.

அரசுக்கே இதன் கடுமை புரிந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 9 முதல் ஒரு சோதனைத் திட்டத்தின் கீழ் சிலருக்கு இந்தத் தடை தளர்த்தப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. அகதிகளாகச் சென்றவர்களும், தாமே துணைவராகவோ பிள்ளையாகவோ ஸ்பான்சர் செய்யப்பட்டுச் சென்றவர்களும் முன்பு குறிப்பிடாமல் விட்ட பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கலாம். திறன் தொழிலாளராக, அதாவது எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியே சென்ற பொறியாளருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருக்கு எஞ்சுவது மனிதாபிமான, கருணை அடிப்படையிலான தனிக்கோரிக்கை ஒன்றுதான். அத்தகைய கோரிக்கைகளில் குழந்தையின் நலனுக்கு உரிய எடை தரப்பட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1999-இல் பேக்கர் வழக்கில் வலியுறுத்தியது. ஆனால் அது அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்டுப் பெறுவதல்ல.

பிறகு ஏன் மறைக்கிறார்கள்? மூன்று காரணங்களைக் காண முடிகிறது, மூன்றுமே தவறான கணக்கில் நிற்பவை. முதலாவது பணம். கூட்டாட்சித் திறன் தொழிலாளர் பிரிவில், குடியேறியபின் வாழ்வதற்கான தொகை கையிலிருப்பதைக் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்பக் காட்ட வேண்டும். ஊரில் தங்கும் பிள்ளையும் அந்த எண்ணிக்கையில் சேரும். ஒரு தலையைக் குறைத்தால் சில லட்சம் குறையும் என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதிகம் என்பதற்காக எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண் ஒன்றுகூடக் குறையாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இரண்டாவது, முறிந்த மணம். முதல் மனைவியிடம் வளரும் மகனின் பெயரை எழுதினால் அவளிடம் போய் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அவள் மறுத்தால் ஃபைலே நின்றுவிடும் என்ற அச்சம். இரண்டாம் மண வீட்டார் அறிந்துகொள்வார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. சட்டம் அவ்வளவு மூர்க்கமானதாக இல்லை. பிள்ளையின் பொறுப்பு சட்டப்படி மற்ற பெற்றோரிடம் இருந்தால், அந்தப் பிள்ளையின் உடல்நிலையோ வேறு தடையோ தந்தையின் விண்ணப்பத்தைக் கெடுக்காது. பரிசோதனைக்கு அனுப்ப வைக்க உண்மையாகவே முயன்றும் முடியவில்லை என்றால், அதைச் சான்றுகளோடு அதிகாரிக்கு எழுதலாம். விண்ணப்பம் மேலே செல்லக்கூடும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பின்னாளில் அழைக்கும் உரிமை போகலாம் என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மறைத்தாலோ அந்த உரிமையும் போகும். உண்மையை மறைத்த குற்றத்துக்கு ஐந்தாண்டுத் தடையும், கிடைத்த பி.ஆர். பறிபோகும் ஆபத்தும் கூட வரும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மூளை வளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு, படிவத்தில் அதன் பெயரே இல்லாமல் விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மருத்துவச் செலவு அரசுக்கு மிதமிஞ்சிய சுமையாகும் என்ற காரணத்தால் முழுக் குடும்பமும் மறுக்கப்படும் என்பது அவர்கள் வாதம். முன்பு அப்படி மறுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலெவிட்ஸ் வழக்கில், பிள்ளையின் குறைபாட்டின் பெயரை மட்டும் பார்த்து மறுக்கக் கூடாது, அந்தக் குடும்பத்தின் உண்மை நிலையையும் செலவை ஏற்கும் திறனையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018 ஜூனில் செலவு வரம்பு மும்மடங்காக உயர்த்தப்பட்டது. சிறப்புக் கல்விச் செலவு கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் அறிவதில்லை. நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் பின்னாளில் தம் பிள்ளையை ஸ்பான்சர் செய்யும்போது இந்த ‘மிதமிஞ்சிய சுமை’ விதி அந்தப் பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தச் சலுகையைப் பெற, முதல் விண்ணப்பத்தில் பிள்ளை மறைக்கப்படாமல் பரிசீலிக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளிலேயே அதிகம் பாதுகாப்புத் தேவைப்படும் ஒன்றை, பாதுகாப்புத் தரும் விதியிலிருந்து பெற்றோரே வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

முறைப்படி குறிப்பிடப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, ஊரில் தங்கிய பிள்ளையை அழைப்பது கடினமான காரியமில்லை. ஸ்பான்சர் செய்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பி.ஆர். மட்டும் உள்ளவர் கனடாவில் வசிக்க வேண்டும். மாற்றுத்திறன் காரணமின்றி அரசின் சமூக உதவித்தொகையில் வாழ்பவராக இருக்கக் கூடாது. பெற்றோரை அழைப்பவருக்கு உள்ள குறைந்தபட்ச வருமான நிபந்தனை இங்கே இல்லை. அந்தப் பிள்ளைக்கே ஒரு குழந்தை இருந்தால்தான் வருமானம் பார்க்கப்படும். கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், 22 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பத்தாண்டுகள் அல்லது அதன் 25-ஆம் வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பராமரிப்பதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஈழத்தமிழரிடையே ‘ஸ்பொன்சர்’ என்பது நாற்பதாண்டுப் பழக்கமுள்ள சொல். அகதியாகக் கனடாவில் மீள்குடியேற்றப்பட்ட தந்தைக்கும் தமிழ்நாட்டு முகாமில் வளரும் மகளுக்கும் இடையே உள்ள சட்டப்பாலம், வெளிநாட்டிலிருந்து அகதிகளாக மீள்குடியேற்றப்பட்டவர்களுக்கு உள்ள ஓராண்டுக் கெடு போன்ற விதிகளில் அமைந்திருக்கிறது: குடும்பத்தை முன்பே குறிப்பிட்டிருந்தால், வந்திறங்கிய ஓராண்டுக்குள் அதே பிரிவில் அவர்களையும் அழைக்கலாம். 2021-இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறிய இடங்களில் பிறந்து வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. ஆகவே தந்தையின் படிவத்தில் பெயர் இருப்பதும் இல்லாததும் அவர்களைப் பொறுத்தவரை ஒரு நாடு கிடைப்பதும் கிடைக்காததும் ஆகும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ‘சைல்ட் விசா’வில் 18 வயதுக்குட்பட்டவர்களும், முழுநேரம் படித்துக்கொண்டு பெற்றோரைச் சார்ந்திருந்தால் 25-க்குட்பட்டவர்களும் வரலாம். ஜெர்மனியில் உரிமத்தோடு ஐந்தாண்டு வாழ்ந்த பிள்ளை 16 வயதில் தன் பெயரிலேயே நிரந்தர உரிமம் கோரலாம். பெற்றோரின் நிழலிலிருந்து பிள்ளையைப் பிரித்துத் தனி ஆளாகப் பார்க்கும் நல்ல ஏற்பாடு இது. அமெரிக்காவில்தான் நிலைமை மோசம். எச்-1பி விசாவில் டெட்ராய்ட் பக்கம் போன பொறியாளரின் பிள்ளை, 21 வயதானதும் எச்-4 சார்பு நிலையை இழக்கிறது. வேலைவழி கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. 2002-இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் காத்திருந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை. நான்கு வயதில் போய் அங்கேயே படித்தவர் இருபத்தொன்றாம் பிறந்தநாளில் வெளிநாட்டு மாணவராக மாற வேண்டியிருக்கிறது.

நம் நாடு இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பார்க்கலாம். ஹூண்டாயோடும் அதன் உதிரிபாக நிறுவனங்களோடும் வந்த கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையில் பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் இங்கேயே பிறந்தவர்கள். மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ் தருகிறது, குடியுரிமை வராது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாக, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. தந்தையின் வேலை விசா முடிந்தால் பிள்ளையின் தங்கும் உரிமையும் முடிகிறது. இந்தியாவில் ‘நிரந்தரக் குடியிருப்பு நிலை’ என்று 2016-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதே, அது 18 மாதத்தில் 10 கோடி அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய் முதலீடு செய்யும் அந்நியருக்கு. ஆலையில் சம்பளம் வாங்கும் மேலாளருக்கு அதில் இடமில்லை. கனடா நம் பிள்ளைகளிடம் கடுமையாக இருக்கிறது என்று குறைபடும் நாம், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நமக்கு வேலை தந்தவர்களோடு வந்த பிள்ளைகளுக்கு ஒரு படிவம்கூட வைத்திருக்கவில்லை.

கடைசியாக, ஃபைல் போடுவதற்கு முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலைகள். நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். வேலை ஒரகடத்தில் இருந்தாலும் பிள்ளையின் பிறப்பு விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ பதிவாகியிருக்கும். பெயர் வைக்குமுன் வாங்கிய சான்றிதழில் பெயரிடம் வெறுமையாகவே இருக்கும். பெயரைப் பின்னால் சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு முடியும். ஆனால் பிறந்த ஊரின் அலுவலகத்தில்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது தந்தைக்கும் பிள்ளைக்கும் குடும்பப்பெயர் வேறுபடும். இருவரும் தந்தை–பிள்ளைதான் என்பதற்கு அந்தப் பிறப்புச் சான்றிதழே வெளிநாட்டு அதிகாரிக்கு முதல் ஆதாரம்.

பிரிந்த பெற்றோருக்கு இன்னும் ஒன்று. பரஸ்பர சம்மத விவாகரத்து மனுக்களில் பிள்ளை பற்றி ஒரே வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். குழந்தைகளைச் சட்டத்துக்குப் புறம்பாக நாடு கடத்திச் செல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. பிள்ளை ஒருமுறை எல்லை தாண்டினால் மற்ற பெற்றோருக்குத் திரும்பக் கேட்கும் வழி கடினம். கனடா அதிகாரிகளும் உடன் வராத பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கிறார்கள். பிள்ளை யாரிடம் வளரும், வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் மற்றவர் ஒத்துழைப்பாரா என்பதைக் குடும்பநல நீதிமன்ற ஆணையிலேயே எழுதி வாங்குவதற்கு வழக்கறிஞர்கள் பழக வேண்டும்.

அக்கா இறந்தபின் அவள் மகளைத் தன் மகளாக வளர்ப்பவர்கள் நம்மிடையே நிறைய. காகிதம் இல்லாத அந்த உறவு வெளிநாட்டில் தத்தாகக் கணக்கில் வராது. பாதுகாவலர் ஆணையும் போதாது. தாயும் தந்தையும் இல்லாத, 18 நிறையாத, மணமாகாத அக்காள் பிள்ளையைத் தனிப் பிரிவில் அழைக்கக் கனடாச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தந்தை உயிரோடிருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது, தத்தெடுப்பது ஒன்றே வழி. இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி எழுதிப் பதிந்த பத்திரம் இருந்தாலும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல 2021-இல் வந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும். கனடாவுக்கு என்றால் அங்குள்ள மாகாண அரசின் ஒப்புதலும் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததால், இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்கும் இந்த வேலைக்கு மாதங்கள் ஆகும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்பு வந்தபின் கையில் இருப்பது 60 நாள்.